பல் டாக்டரை நான் ஏன் மாற்றினேன்

தம்பி,

நலம் விசாரிக்கிற வரியை இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய். நேற்றுச் சாயங்காலம் போனில் சிரித்துச் சிரித்துப் பேசினாய். பாதியில் வைத்தது நான்தான். நான் வைத்ததும் நீ அப்பாவுக்குப் போன் போட்டு, "ஏம்ப்பா, அம்மாவுக்குப் பொண்ணு வீட்டு மேல எதும் வருத்தமா?" என்று கேட்டிருக்கிறாய். அவர் பாவம், பூண்டு மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "தெரியலையேப்பா, வெள்ளனேயிருந்தே மூஞ்சி சரியில்ல" என்று ஏதோ உளறியிருக்கிறார். பெண் வீட்டார் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தப் பெண்ணை உன்னைவிட எனக்குக் கூடுதலாகவே பிடித்திருக்கிறது. உன்னைப் போல எல்லாவற்றுக்கும் "ஓகேம்மா, ஓகேம்மா" என்று தலையாட்டாமல், புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்கிறாள். நான் போனை வைத்தது அவளுக்காக இல்லை. கன்னிவாடி மண்டபத்தைப் பற்றி நீ சொன்ன ஒரு பேச்சுக்காக.

"மேடைக்குப் படி இருக்கும்மா. அதனால என்ன? என் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரு இருக்கானுங்க. உன்னைய அப்படியே அலேக்கா தூக்கி மேல வச்சிருவோம்." இதுதான் நீ சொன்னது. ஆசையாகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உன் கல்யாண மேடைக்கு என்னை யாரும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது, தம்பி. நீயும் கூடாது. போனில் சொன்னால் "சரிம்மா, அத அப்புறம் பாத்துக்கலாம்" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். வேலை எல்லாம் முடித்துவிட்டு, ஓரிடத்தில் உட்கார்ந்து படி.

போன வருஷம் நான் பல் டாக்டரை மாற்றினேன் இல்லையா? "ஏம்மா அவர விட்டுட்ட, தங்கமான மனுசனாச்சே" என்று நீ கேட்டதற்கு, "சும்மாதான்டா" என்று சொல்லிவிட்டேன். சும்மா யாராவது இவ்வளவு பக்கத்தில் இருக்கிற கொடைக்கானல் டாக்டரை விட்டுவிட்டு, மலையிறங்கி வத்தலக்குண்டு வரைக்கும் போவார்களா? நீயும் அதற்கு மேல் கேட்கவில்லை. அப்பாவுக்கு நடந்தது பாதி தெரியும். மீதியை வீட்டில் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

தாண்டிக்குடி எஸ்டேட்டுக்கு நான் வேலைக்குப் போன ஜீப் வளைவில் உருண்டபோது நீ ஒன்பதாம் வகுப்பு. அன்றிலிருந்து எனக்கு நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது, சக்கர நாற்காலிதான் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஒரு விஷயம் உனக்குச் சரியாகத் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம். ஆறு மாதம் பயிற்சிக்காகத் தங்கியிருந்த ஆஸ்பத்திரியில் குடும்பத்தில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லித் தந்தார்கள். நீ அன்றைக்குப் போனில் விளையாடிக்கொண்டிருந்தாய், நான் பார்த்தேன். என் மாதிரி அடிபட்டவர்களுக்குக் கீழே எங்கேயாவது தொந்தரவு என்றால், உடம்பு அதை வலியாகச் சொல்லாது. தலைக்கு ஏற்றிவிடும். மூத்திர டியூப் மடங்கினாலும், இடுப்பில் எதையாவது இறுக்கிக் கட்டினாலும், ரத்த அழுத்தம் விறுவிறுவென்று ஏறும். தலை இடிக்கும், முகம் சிவக்கும், வியர்வை கொட்டும். உடனே நிமிர்ந்து உட்கார வேண்டும், இறுக்கியிருப்பதைத் தளர்த்த வேண்டும், டியூபைப் பார்க்க வேண்டும். படுக்கவைத்தால் இன்னும் ஏறும். அப்படியே விட்டால் மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிடும். இதைப் படிக்க உனக்குக் கூச்சமாக இருந்தால் இருக்கட்டும். கல்யாணம் செய்துகொள்ளப்போகிறவன், கூச்சத்தோடேயே படி.

பழைய டாக்டர் இடம் பஜாரில், மாடியில். கீழே பாய் கடை, தைலமும் மசாலாவும் விற்பாரே, அந்தக் கடை. என்னை அங்கே கொண்டுபோவது ஒரு திருவிழா. அப்பா வேனை நிறுத்தியதும் பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்து, "வாங்கக்கா" என்று சொல்லிவிட்டு, தெருவைப் பார்த்து, "ஏலே, வாங்கடா, அக்காவைத் தூக்கணும்" என்று குரல் கொடுப்பார். லோடு இறக்குகிற பையன்கள் ஓடிவருவார்கள். என்னைச் சக்கர நாற்காலியிலிருந்து ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாற்றுவார்கள். நாற்காலியின் காலை ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு அந்தக் குறுகல் மாடிப்படியில் ஏறுவார்கள். நடுவில் ஒரு திருப்பம் வரும். அங்கே நாற்காலியைச் சாய்த்துத்தான் திருப்ப முடியும். அப்போது எனக்குக் கூரைதான் தெரியும். "அக்கா, வெயிட்டு போட்டுட்டீங்க போல" என்று ஒருவன் கிண்டலடிப்பான். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் என்ன செய்வது? என் உடம்பு அவர்கள் கையில் இருக்கிறது.

நல்ல பையன்கள். ஒருத்தன்கூட முகம் சுளித்தது கிடையாது. ஆனால் யார் கை எங்கே படுகிறது என்பதே எனக்குத் தெரியாது தம்பி, அங்கேதான் உணர்ச்சியே இல்லையே. சேலை எங்கே விலகியிருக்கிறது என்று கீழே குனிந்து பார்க்கவும் முடியாது. அதனால் முந்தின நாளே சேலைக்கு ஊக்கு மேல் ஊக்காகக் குத்திவைப்பேன். மாடிக் கக்கூஸுக்குள் போய் மூத்திரப் பையைக் காலிசெய்ய என்னால் முடியாது என்பதால் தண்ணீரும் குடிக்க மாட்டேன். ஒரு பல்லைக் காட்டிவிட்டு வருவதற்கு இவ்வளவு பாடு. இதெல்லாம் எனக்குப் பழகிப்போயிருந்தது, அதுதான் கொடுமை.

கடைசியாகப் போன அன்றைக்கு நல்ல மழை. கடவாய்ப் பல்லில் ஒரு வாரமாகக் குத்தல், ரூட் கேனால் செய்ய வேண்டும் என்று டாக்டர் வரச் சொல்லியிருந்தார். சீசன் நேரம், பஜாரில் வண்டி நிறுத்த இடமில்லை. போலீஸ்காரர் விரட்டியதால் அப்பா வேனை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விட்டார். படியெல்லாம் குடைத் தண்ணீர். அந்தத் திருப்பத்தில் ஒரு பையனுக்குக் கால் வழுக்கியது. நாற்காலி ஒரு பக்கம் சரிந்தது, மற்ற மூன்று பேரும் என்னை இடுப்போடு சேர்த்து அள்ளிப் பிடித்துவிட்டார்கள். "ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்லக்கா" என்றார்கள். விழவில்லை, உண்மைதான். ஆனால் அந்த இழுபறியில் டியூப் என் தொடைக்கடியில் மாட்டி மடங்கிவிட்டது. அது எனக்குத் தெரியாது.

மேலே போனதும் டாக்டரின் நாற்காலியில் போட்டுச் சாய்த்தார்கள். மரத்துப்போகிற ஊசி போட்டார். பஞ்சை வாயில் திணித்துவிட்டு மிஷினை வைத்தார். கொஞ்ச நேரத்தில் பிடரியில் ஆரம்பித்தது. பல் வலி இல்லை, இது வேறு. தலைக்குள் யாரோ உலக்கை போடுகிற மாதிரி. முகத்தில் வியர்வை கொட்டியது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. "நிமித்துங்க" என்றேன். வாயில் பஞ்சு, பாதி மரத்த நாக்கு, என்ன கேட்டிருக்குமோ. டாக்டர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். "பயப்படாதீங்கம்மா. ரெண்டே நிமிசம், வெரசா முடிச்சிருவேன்." நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினேன். அவர் வாசலில் நின்ற பையன்களைத் திரும்பிப் பார்த்தார். "அம்மா பயப்படுறாங்க, கைய மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்கங்கப்பா."

பிடித்துக்கொண்டார்கள், தம்பி. இரண்டு பக்கமும். என்னிடம் வேலை செய்கிற பாகம் என்று இருப்பதே இந்த இரண்டு கைதான். அதையும் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லக்கா" என்று என்னைப் பார்த்து அன்பாகச் சிரிக்கிறார்கள். செத்துப்போகப் போகிறோம், சுற்றி நிற்கிற அத்தனை பேரும் நல்லவர்கள், ஒருத்தருக்கும் தெரியவில்லை என்று நினைத்தேன். உன்னைத்தான் நினைத்தேன். அப்புறம் டாக்டரின் விரலைக் கடித்தேன்.

சிரிக்காதே. நன்றாகவே கடித்தேன். அவர் "ஐயோ" என்று கையை உதறிக்கொண்டு பின்னால் போனார். நான் பஞ்சைத் துப்பிவிட்டு, "நிமித்துடா!" என்று கத்தினேன். அவ்வளவு பெரிய மனுஷரை 'டா' போட்டுவிட்டேன். பையன்கள் பயந்துபோய் நாற்காலியை நிமிர்த்தினார்கள். "எல்லாரும் வெளிய போங்க" என்றேன். ஒருத்தரும் அசையவில்லை, எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். டியூப் என்கிற வார்த்தையை அந்த ஆண்பிள்ளைகள் முன்னால் சொல்ல வரவில்லை. உயிர் போகிற நேரத்திலும் வெட்கம் போகவில்லை பார். சேலைக்குள் கையை விட்டுத் துழாவி, மாட்டியிருந்ததை நானே பிடித்து இழுத்தேன். இழுத்த வேகத்தில் பையிலிருந்து டியூப் கழன்றுவிட்டது. டாக்டரின் நாற்காலியெல்லாம் ஈரம். தலையிடி மெல்ல மெல்ல இறங்கியது. நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

டாக்டர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "பரவால்லம்மா, பரவால்ல" என்று அவரே துணி எடுத்துத் துடைத்தார். பல்லுக்குத் தற்காலிகமாக ஒரு அடைப்பு வைத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார். கீழே வந்ததும் பாய் கவலையாக என்ன ஆச்சு என்று கேட்டார். "ஒண்ணுமில்ல பாய், அக்கா கொஞ்சம் பயந்துட்டாங்க" என்றான் ஒரு பையன். அப்பா வேனோடு வந்தபோது அவரிடமும் அதையே சொன்னார்கள், நான் கடித்ததையும் சேர்த்து. அவரும் வழியெல்லாம், "இதுக்குப் போயா பயந்த?" என்று தேற்றிக்கொண்டே வந்தார். நான் வாய் திறக்கவில்லை. ஊசியின் மரமரப்பு என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், இனிமேல் அந்தப் படி ஏற மாட்டேன் என்று சொன்னேன். உன் அப்பாவுக்குக் கோபம் வந்து நீ பார்த்திருக்க மாட்டாய், அன்றைக்கு வந்தது. "அவரு மூஞ்சில முழிக்க வேணாமா? உன் மகனுக்குப் பல்லு கட்டினது யாரு? பேஞ்ச மழையிலகூட உனக்காகக் காத்துக் கெடந்தாரு. அந்த மனுசன் அவரு சோலியப் பாத்தாரு, நீ கடிச்சு வச்சிட்டு வந்திருக்க." எல்லாம் நியாயம்தான். வில்பட்டியில் இருந்துகொண்டு, தினமும் டவுனில் புழங்கிக்கொண்டு, அவரை விட்டுவிட்டு வேறு டாக்டரிடம் போனால் நன்றிகெட்டதனம் என்றுதான் பேசுவார்கள். ஆனால் எனக்கு வேண்டியது நல்லவர் இல்லை, நான் நுழையக்கூடிய வாசல். நல்லவரும் வாசலும் ஒரே இடத்தில் கிடைத்தால் சந்தோஷம். இரண்டில் ஒன்றுதான் என்றால் எனக்கு வாசலைக் கொடு.

அப்புறம் போன் போட ஆரம்பித்தேன். பூண்டு பார்சல் அனுப்புகிற வேலையில் எனக்குப் போன் பேசிப் பேசி வாய் நீண்டுவிட்டது, உனக்குத் தெரியும். ஒவ்வொரு பல் ஆஸ்பத்திரியாகப் பிடித்து, "படி இருக்குங்களா?" என்று கேட்டேன். "படியெல்லாம் இல்லைங்கம்மா" என்றார் ஒருவர். கொஞ்சம் குடைந்து கேட்டதும், "வாசல்ல மட்டும் இருக்கு, அப்புறம் உள்ள ஒண்ணு, அவ்வளவுதான்" என்கிறார். இன்னொருவர், "லிப்ட் இருக்குங்க" என்றார் பெருமையாக. லிப்டுக்குப் போவதற்கே படி ஏற வேண்டுமாம். மூன்றாவது இடத்தில், "கூட ஆள் வருவாங்கல்ல? தூக்கிக்கலாம்ங்க" என்றார்கள். பொய் சொல்லவில்லை யாரும். நடக்கிறவர்கள் கண்ணுக்குப் படி தெரிவதில்லை, அவ்வளவுதான். இதற்குள் தற்காலிக அடைப்பு பெயர்ந்து, கன்னம் வீங்கிவிட்டது. கஞ்சிதான் இறங்கியது. அப்பா என் முகத்தைப் பார்ப்பதும், போனைப் பார்ப்பதுமாக இருந்தார். "பழைய எடத்துக்கே போயிருவோமே" என்று அவர் சொன்னபோது, ஒரு நிமிஷம் எனக்கும் மனசு சாய்ந்தது.

வத்தலக்குண்டில் ஒரு டாக்டரம்மா தானே போனை எடுத்தார். அதே கேள்வியைக் கேட்டேன். "தெரியலைங்களே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இருங்க, வெளிய போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்." செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "ஒரு படி இருக்குங்க. தினமும் ஏறுறேன், கவனிக்கவே இல்ல. பலகை போட்டா வருவீங்களா? எவ்வளவு நீளம் வேணும்?" என்று கேட்டார். வாசலிலிருந்து உள்ளே வரைக்கும் வீடியோ எடுத்து அனுப்பினார். இத்தனை வருஷத்தில், தெரியாது என்று சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான். அங்கேதான் என்று முடிவுசெய்துவிட்டேன்.

ஆனால் பாதி செய்த பல். பழைய எக்ஸ்ரே இருந்தால் நல்லது என்றார் டாக்டரம்மா. அதை வாங்கப் பழைய டாக்டரிடம் போயாக வேண்டும். அப்பா மட்டும் போய் வாங்கிவருகிறேன் என்றார். நான் விடவில்லை, நானும் வேனில் போனேன். அப்பா மேலே போய்ச் சொன்னதும், டாக்டரே எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். அவர் எனக்காகப் படி இறங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வேன் கண்ணாடியை இறக்கினேன். என் வீங்கின கன்னத்தைப் பார்த்துவிட்டு, "நான் என்னம்மா கொறை வச்சேன்? சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு ஆள சேத்துக் கூப்பிட்டிருப்பேனே" என்றார்.

"ஆளு பத்தாம போகலைங்க டாக்டர்" என்றேன். "ஆளே வேணாம்னுதான் போறேன்." அவர் மெதுவாக, "அன்னைக்கு என்னதாம்மா ஆச்சு, நெசமாவே?" என்று கேட்டார். சொன்னேன். டியூப், தலையிடி, படுக்கவைத்தால் என்ன ஆகும், எல்லாம். பாய் கடை வாசலில் ஆட்கள் நின்றார்கள், இந்தத் தடவை வெட்கப்படவில்லை. அவர் தலையெல்லாம் நனைந்துவிட்டது. "கையப் பிடிக்கச் சொன்னேனே" என்றார். எக்ஸ்ரேயை என் மடியில் வைத்துவிட்டு, வேன் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். எனக்கு ஜெயித்த சந்தோஷம் எதுவும் வரவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனாலும் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது.

மலையிறங்குவது எனக்கு லேசுப்பட்ட காரியமா? வளைவுக்கு வளைவு உடம்பு சாயும், பிடித்து நிறுத்த எனக்கு இடுப்பில் பலம் கிடையாது. சீட் பெல்ட்டோடு ஒரு துண்டையும் சுற்றிக் கட்டிக்கொண்டு போனேன். வத்தலக்குண்டில் பலகை போட்டிருந்தார்கள். கொஞ்சம் செங்குத்துதான், அப்பா மூச்சு வாங்கத் தள்ளினார். உள்ளே உதவிக்கு இருந்த பெண் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து, "அம்மாவுக்கு எந்தப் பக்கம் வலி சார்?" என்று கேட்டாள். "வலி எனக்குத்தாம்மா. அவருக்குப் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றேன். கக்கூஸ் கதவு குறுகல், நாற்காலி நுழையாது. சொர்க்கம் ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள். ஆனால் டாக்டரம்மா என் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "பல்ல அப்புறம் பாக்கலாம். உங்களுக்கு எதெது ஆகக் கூடாது, மொதல்ல அதச் சொல்லுங்க" என்றார். என் நாற்காலியை விட்டு என்னை எடுக்கவே இல்லை. சுவரோரம் நிறுத்தி, தலைக்குத் தலையணை வைத்து, அவர் குனிந்துகொண்டார். கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டினார். இடது கையைத் தூக்கினால் எதுவாக இருந்தாலும் நிறுத்திவிடுவேன் என்றார்.

பல்லைக் காப்பாற்ற முடியாது, நாள் கடந்துவிட்டது, எடுக்க வேண்டும் என்றார். எடுக்கிறபோது பாதியில் மறுபடியும் பிடரியில் அதே இடி. எனக்கு உயிரே இல்லை. இங்கேயும் "பயப்படாதீங்கம்மா" என்றுதான் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே கையைத் தூக்கினேன். தூக்கின கை இறங்குவதற்குள் வாயிலிருந்து எல்லாம் வெளியே வந்துவிட்டது. "சார், கொஞ்சம் வெளிய இருங்க." கதவு சாத்தியாகிவிட்டது. தலையணையை எடுத்து என்னை நிமிர்த்தினார்கள். அந்த உதவிப் பெண், என்னைப் பார்த்துப் பேசத் தெரியாதவள், மண்டியிட்டு, "அக்கா, சேலையக் கொஞ்சம் தூக்கிப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். கேட்டாள், தம்பி. டியூப் சரியாக இருந்தது. வேனில் கட்டின துண்டுதான் அவிழ்க்காமல் இடுப்பில் இறுகிக் கிடந்தது. அவிழ்த்ததும் இறங்கிவிட்டது. பட்டையைப் பார்த்துப் பார்த்துக் காத்திருந்து, நான் சரி என்று சொன்ன பிறகுதான் மறுபடி தொட்டார். ஆபத்து இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அங்கே என் கையைப் பிடித்தார்கள். இங்கே என் கையைப் பார்த்தார்கள்.

இப்போது உன் மண்டபத்துக்கு வருகிறேன். உன் சிநேகிதர்கள் நல்ல பிள்ளைகள், என்னைப் பூப்போலத் தூக்குவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விடியுமுன்னே கிளம்பி மலையிறங்கி வந்திருப்பேன். பட்டுச்சேலை, கீழ்நாட்டுப் புழுக்கம், கூட்டம். நாலு பேர் அள்ளிக்கொண்டு போய் மேடையில் வைக்கிறார்கள், எங்கேயோ என்னமோ மடங்குகிறது. கெட்டிமேளம் கொட்டுகிறது. நான் "நிமித்துங்க" என்று சொன்னால் யாருக்குக் கேட்கும்? முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வழிய உட்கார்ந்திருப்பேன். "பாரு, அம்மா சந்தோசத்துல அழுவுறாங்க" என்று போட்டோ எடுப்பார்கள். நீ தாலியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாய். உன் கல்யாண நாள் என் திவச நாளாக ஆகிவிடக் கூடாது. அமங்கலமாக எழுதுகிறேன் என்று தெரியும். பயமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். இந்தத் தடவை நான் பயந்துதான் இருக்கிறேன்.

பயம் மட்டும்தான் என்றும் நினைக்காதே. ஒரு ஆபத்தும் வராது என்று யாராவது எழுதிக் கொடுத்தாலும், உன் மாமனார் வீட்டுச் சனம் என்னை முதன்முதலில் பார்ப்பது நாலு ஆண்பிள்ளைகள் தோளில் தொங்குகிறபோதாக இருக்கக் கூடாது. மாப்பிள்ளையின் அம்மா நான். சம்பந்தியம்மாள் கையைப் பிடித்துப் பேசிக்கொண்டே, என் சக்கரத்தை நானே உருட்டிக்கொண்டு உன் பக்கத்தில் வர வேண்டும். இது பெரிய ஆசையா? மணவறையை மேடையில்தான் போட வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் கிடையாது. கீழே, நடுக்கூடத்தில் போடு. சனத்துக்கும் நன்றாகத் தெரியும். அது முடியாது என்றால் நீளமாக, சாய்வாக, வண்டி ஏறுகிற மாதிரி பலகை அடிக்கச் சொல். டாக்டரம்மா போட்டதைப் போலச் செங்குத்தாக வேண்டாம்.

மண்டபத்துக்காரரிடம் போனில் "படி இருக்கா" என்று கேட்காதே, இல்லை என்பார். நீ நேரில் போ. வாசலிலிருந்து சாப்பாட்டுக் கூடம், கக்கூஸ் வரைக்கும் ஒரு சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்ப் பார். உட்கார்ந்துகொண்டே உருட்டிப் பார், உன் கால் தரையில் படக் கூடாது. அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போ, உன் கண்ணுக்குப் படாதது அவள் கண்ணுக்குப் படும். இந்த வேலையை அப்பா தலையில் கட்டாதே. அவர் யாரிடமும் கடிந்து கேட்க மாட்டார், அவர்கள் சொன்னதற்குச் சரி என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். நீதான் கேட்க வேண்டும். எனக்காகச் சண்டை போடச் சொல்லவில்லை, எனக்காகப் போய்ப் பார்க்கச் சொல்கிறேன்.

பார்த்துவிட்டு, முடியாது என்றால் முடியாது என்று என்னிடம் சொல்லிவிடு. நான் கோபிக்க மாட்டேன், சாபம் விட மாட்டேன், அழுவேன், அவ்வளவுதான். அப்பாவை அனுப்பிவைக்கிறேன். கல்யாணம் முடிந்த கையோடு நீங்கள் இரண்டு பேரும் வில்பட்டிக்கு வாருங்கள், இங்கே வாசலில் படி கிடையாது, நானே முன்னால் வந்து ஆரத்தி எடுத்து உள்ளே கூப்பிடுகிறேன். ஆனால் அங்கே என்னைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும் என்றால் நான் வர மாட்டேன். அதில் மாற்றமில்லை.

அப்படி நான் வராமல்போனால், சனம் உன்னைச் சும்மா விடாது. மாப்பிள்ளையோட அம்மா எங்கே என்று ஒவ்வொருத்தராக வந்து கேட்பார்கள். அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மேடைக்குப் படி இருந்தது, அதனால் அம்மா வரவில்லை என்று சொல்.

அம்மா